முனைவர் பட்டத் தலைப்பு: ஹம்பாந்தோட்டையை விட்டுவிட்டுக் கடலடிக் கேபிளை எடுக்கலாமா?

திரேஸ்புரத்துக்காரன் கேட்டது:

வணக்கம். எனக்குத் தூத்துக்குடி. பாதுகாப்பியலில் எம்.ஏ. முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறேன். முன்வரைவு கொடுக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. தலைப்பு இன்னும் அமையவில்லை.

2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குச் சென்னையை விடக் கொழும்பு பக்கம். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் அதே பேச்சுதான். அதில் பிடித்த ஆர்வத்தில்தான் எம்.ஏ.வுக்கு இந்தத் துறையை எடுத்தேன். முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு, "இந்தியப் பெருங்கடலில் சீனாவின் இருப்பும் இந்தியாவின் தேசப் பாதுகாப்பும்". நெறியாளர் படித்துவிட்டு, "இதே தலைப்பில் என் அலமாரியில் ஏழு ஆய்வேடு இருக்கிறது. எட்டாவதில் புதிதாக என்ன சொல்வாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவதாக மனதில் இருப்பது கடலடி இணையக் கேபிள். 2024 நவம்பரில் பால்டிக் கடலில் இரண்டு கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்த செய்தியிலிருந்து இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னபோது அப்பா ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். அப்பா விசைப்படகு டிரைவர், இழுவைமடித் தொழில், அதாவது வலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போய் மீன் பிடிப்பது. எங்கள் ஊர்ப் படகுகளுக்குத் தங்கல் கிடையாது, விடியலில் போய் இரவில் திரும்பிவிடும். மடி எங்கெங்கே மாட்டியதோ அந்த இடங்களையெல்லாம் ஜிபிஎஸ் எண்ணோடு அந்த நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். நீளமான நோட்டு, அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் டீசல் கறை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை: "பார்" (கடலடிப் பாறை), "பழைய நங்கூரம்", "மடி கிழிஞ்சது". சில எண்களுக்கு எதிரே வெறும் கேள்விக்குறி. "இதுல எது பாறை, எது உன் கேபிளுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்ககிட்ட யாரும் சொன்னது இல்லையே" என்றார்.

கேட்க விரும்புவது இரண்டு. ஒன்று, இது தேசப் பாதுகாப்புத் தலைப்பா? ஏவுகணை, அணு ஆயுதம், எல்லை இவை இல்லாமல் எழுதினால் தொலைத்தொடர்புத் துறைக்குப் போகச் சொல்வார்கள் என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு, எல்லாமே ரகசியம் என்கிற இடத்தில் ஆதாரத்துக்கு எங்கே போவது?

குமரி ஆசிரியை:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 2010-ல் நான் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்போது நான் பதிவு செய்த தலைப்பு சீனாவின் "முத்துமாலை" பற்றியது. குவாடர், ஹம்பாந்தோட்டை, சிட்டகாங், சிட்வே என்று துறைமுகங்களைக் கோர்த்து இந்தியாவைச் சுற்றி வளைக்கிறார்கள் என்ற வாதம். பதினான்கு மாதம் அதிலேயே இருந்தேன். ஒரு நாள் இரவு, சேர்த்து வைத்த கட்டுரைகளின் நகல்களைத் தரையில் பரப்பி, யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சிவப்பு மையால் அம்புக்குறி போட ஆரம்பித்தேன். விடிவதற்குள் அம்புகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தன: அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்து, 2005 வாக்கில் செய்தியில் அடிபட்ட ஓர் அறிக்கை. அந்தச் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். நாற்பது கட்டுரைகள் படித்திருந்தேன். ஆனால் நான் கையில் வைத்திருந்தது ஒரே ஓர் ஆதாரம். அழுதுவிட்டேன். மறுநாள் தலைப்பை மாற்றினேன்.

ஹம்பாந்தோட்டை ஆய்வுக்கு ஆகாத இடம் என்று சொல்லவில்லை. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, சீன வங்கிக்கான கடன் அப்படியே நின்றது என்பது அந்த ஏழு ஆய்வேட்டில் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தோண்ட வேண்டுமானால் கொழும்பில் உட்கார்ந்து, சிங்களமும் படிக்கத் தெரிந்து, நிதியமைச்சகத்தின் கணக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்களால் முடியும் என்றால் செய்யுங்கள். முடியாதென்றால் அது உங்களுடைய தலைப்பு இல்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருள் தானாகப் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடுவதில்லை, யாரோ ஒருவர் அப்படி அறிவித்து, மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஆகிறது என்று நம் துறையில் கோபன்ஹேகன் பள்ளி எனப்படும் ஆய்வாளர் குழுவினர் சொல்வார்கள். பாக் நீரிணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு போட்டபோது அது இரு நாட்டு உறவு சார்ந்த விஷயம். 1990-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை திரும்பி வந்ததும் கடற்படை ஆபரேஷன் தாஷா என்ற ரோந்து நடவடிக்கையைத் தொடங்கியது, 1994-ல் தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. அதே தண்ணீர்தான், இப்போது ஆயுதக் கடத்தல் பாதையாகப் பார்க்கப்பட்டது. 2008 நவம்பரில் பத்துப் பேர் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி மும்பைக்கு வந்து தாக்கிய (26/11) பிறகு, நாட்டின் ஒவ்வொரு மீன்பிடிப் படகும் சந்தேகத்துக்குரிய பொருளானது. மீனவருக்கு பயோமெட்ரிக் அட்டை வந்தது, படகுக்கு மாநில வாரியாக நிறம் வந்தது. கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் இன்று அந்த வாசலில் நிற்கிறது. உள்ளே நுழையும் சமயத்தில் கூடவே நடந்து பார்க்கிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. நம் நாட்டில் ரகசியம் உண்மைதான். 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. ஆனால் நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையேற்ற கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000-லேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு அச்சிலும் வந்தது. போர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிடவும், 25 ஆண்டு கடந்த ஆவணங்களைப் படிப்படியாகத் திறக்கவும் பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் ஒரு கொள்கை அறிவித்தது. அதை நம்பி மூன்று வருடப் படிப்பைத் திட்டமிடாதீர்கள்.

என் அனுபவம் இது. தலைப்பை மாற்றிய பிறகு, 26/11-க்குப் பின்னான கடலோரக் காவலை எடுத்தேன். ரோந்து விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(அ)-வைக் காட்டி இரண்டு வரியில் மறுத்து அனுப்பினார்கள். மேல்முறையீட்டிலும் அதே பதில். நான்கு மாதம் போனது. அப்புறம் சட்டப்பேரவையில் வைக்கும் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பைப் புரட்டினால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு எத்தனை காவல் நிலையம், எத்தனை படகு என்று பக்கம் போட்டு அச்சாகியிருக்கிறது. ஆண்டுதோறும் வருகிறது. யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாடாளுமன்றக் கேள்வி பதில், நிலைக்குழு அறிக்கை, சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை அறிக்கை, இந்த மூன்றையும் வருடவாரியாக அடுக்கிப் படித்தால் பாதி ஆய்வேடு அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி கரையில் இருக்கிறது. ‘சாகர் கவச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது, காவலர்களே ஊடுருவுபவர்களாக மாறி மீன்பிடிப் படகில் வருவார்கள், கரையில் இருப்பவர்கள் பிடிக்க வேண்டும். பக்கத்து ஊரில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். ஏற்கெனவே சொல்லி வைத்ததுபோல் ஒரு பெரியவர், "அந்தா வாறது நம்ம ஆளு இல்ல" என்று கை காட்டினார். படகு தூரத்தில் ஒரு புள்ளிதான். எப்படித் தெரியும் என்றேன். "அலைக்கு மூக்கைக் கொடுக்கத் தெரியல பாருங்க. நம்ம பிள்ளைகன்னா இப்படி ஓட்டாது" என்றார். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எழுதியது.

உங்கள் அப்பாவின் நோட்டில் இருக்கும் கேள்விக்குறிகளும் அப்படிப்பட்டவைதான். நெறியாளரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

பழைய கேபிள்காரர்:

மேடம் சொன்னதைப் படித்தேன். ஆய்வு பற்றி எனக்குத் தெரியாது. முப்பது வருடம் தொலைத்தொடர்பில் வேலை, அதில் பாதிக்கு மேல் சென்னையில், கேபிள் கரையேறும் நிலையத்தில். அதனால் பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

வீட்டு அலமாரியில் ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு வைத்திருக்கிறேன். ஆழ்கடலில் போடுவது. பார்க்க வருபவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா?" என்பார்கள். கட்டைவிரல் பருமன்தான். மேலே பாலிஎதிலீன் உறை, உள்ளே செம்புக் குழாய், அதற்குள் எஃகுக் கம்பிகள், நடுவில் பசைக்குள் முடி மாதிரி நாலைந்து ஜோடிக் கண்ணாடி இழை. அந்தச் செம்பு வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட் போகும், வழியில் சமிக்ஞையை வலுப்படுத்தி அனுப்பும் ரிப்பீட்டர்களுக்கு அதுதான் சாப்பாடு. கரைப் பக்கம் வரும் கேபிளுக்கு மட்டும் இரண்டடுக்கு இரும்புக் கம்பி சுற்றி, தார் பூசி, மணிக்கட்டுப் பருமனுக்கு வரும். ஆழம் குறைந்த இடத்தில் மண்ணைக் கீறிப் புதைப்பார்கள். மணல் நகர்ந்தால் மேலே வந்துவிடும்.

2008 ஜனவரி 30. அலெக்சாந்திரியா பக்கம் இரண்டு கேபிள் அறுந்தது, அதில் ஒன்று எங்கள் ஊருக்கும் வரும் சீ-மீ-வீ 4. இந்தியாவின் வெளிநாட்டு இணையத் தடத்தில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. அந்த இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. மேற்கே போக வேண்டியதையெல்லாம் கிழக்கே சிங்கப்பூர் வழியாகத் திருப்பி, பசிபிக்கைச் சுற்றி அனுப்பினோம். அடுத்த இரண்டு நாளில் துபாய் பக்கம் இன்னொரு கேபிள் போனது. சதி, நீர்மூழ்கி, உளவு என்று பத்திரிகையில் என்னென்னவோ எழுதினார்கள். கடைசியில் பழுது பார்க்கப் போன கப்பல் துபாய் கேபிள் அறுந்த இடத்தில் கண்டெடுத்தது யாரோ விட்டுப்போன ஒரு கப்பல் நங்கூரம். ஐந்தாறு டன்.

தம்பி, உலகத்தில் வருடத்துக்கு 150 முதல் 200 தடவை கேபிள் அறுகிறது. பெரும்பங்கு நங்கூரமும் மீன்பிடி வலையும்தான். பால்டிக்கில் நடந்ததிலும் பெரிய வாதமே, நங்கூரம் தானாக விழுந்ததா, வேண்டுமென்றே விட்டார்களா என்பதுதான். அறுப்பது யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அறுந்தால் எத்தனை நாளில் சேர்க்கலாம் என்பதை நீங்கள் எண்ணிக் கணக்கிடலாம். 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போன இரண்டு கேபிளும் அறுந்தபோது, அந்த மக்கள் வாரக்கணக்கில் பழுதுக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். நம் நிலையும் கப்பல் விஷயத்தில் அப்படித்தான். நம் கடலில் அறுந்தால் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோதான் கப்பல் வர வேண்டும். வந்த கப்பலும் அனுமதிகளுக்காக நிற்கும். இதையெல்லாம் சொல்லி 2023 ஜூனில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு பரிந்துரை கொடுத்தது. 17 பன்னாட்டுக் கேபிள், 14 கரையேறும் நிலையம், ஊர்கள் ஐந்துதான் என்று அதில் இருக்கிறது: மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம். உங்கள் ஊர் அதில் இருக்கிறது, பார்த்தீர்களா? 2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புப் பக்கம் கல்கிசைக்கும் கேபிள் போட்டார்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் வீடுகளில் கெட்டிக்காரனை "எம்டன்" என்பார்கள் இல்லையா? 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அது எப்படி முடிந்தது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆள் இறக்கினார்கள். கேபிளை வெட்டும் முன்பே நிலையத்தில் இருந்தவர்கள் "அந்நியக் கப்பல்" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து எம்டனை முடித்தது. நிலையத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தத் தந்திக்காரர்களை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்களைப் போன்ற வேலையாட்களைப் பற்றியும் ஓர் இயல் எழுதுங்கள்.

கடல்சட்டம்:

சட்டப் பக்கம் சுருக்கமாக. ஐநா கடல்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995-ல் ஏற்றது. அதன் 113-ம் உறுப்பு, தன் கொடியேந்திய கப்பல் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கேபிளை அறுத்தால் தண்டிக்கச் சட்டம் செய்யச் சொல்கிறது. 115-ம் உறுப்பைத் தம்பி கட்டாயம் படிக்க வேண்டும்: முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்ட ஒரு கப்பல், கேபிளைக் காப்பாற்றுவதற்காகத் தன் நங்கூரத்தையோ வலையையோ வெட்டி விட்டால், கேபிள் உரிமையாளர் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். இது 1884 தந்திக் கேபிள் ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. ஆனால் 12 கடல் மைலுக்கு உள்ளே அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டம்தான் பேசும். நியூசிலாந்து 1996-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா சிட்னிக்கும் பெர்த்துக்கும் வெளியே பாதுகாப்பு மண்டலம் அறிவித்து இழுவைமடியையும் நங்கூரத்தையும் தடுத்திருக்கிறது. நம்முடைய 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் கேபிள் போன்ற தொலைத்தொடர்பு அமைப்புகளை முக்கியக் கட்டமைப்பு என்று அறிவிக்க வழி இருக்கிறது. அப்படி ஒரு மண்டலம் தூத்துக்குடிக்கு வெளியே வந்தால் உங்கள் அப்பாவின் பாடு எங்கே போகும் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

திரேஸ்புரத்துக்காரன்:

மேடம், ஐயா, சார், மூவருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 115-ம் உறுப்பைக் கேட்டதும் மறுபடி சொல்லச் சொன்னார். நான்கு வருடம் முன்னால் ஒரு முறை மடி எதிலோ மாட்டி, படகு சாய ஆரம்பித்து, ரோப்பை வெட்டி விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மடியும் போனது, மடியை விரித்துப் பிடிக்கும் பலகையும் போனது. முதலாளி கணக்கில் அது டிரைவரின் தவறு, அப்பாவின் பங்கில் பிடித்தார்கள். கீழே இருந்தது என்ன என்று இன்றுவரை தெரியாது. எனக்கு இதை அவர் இதற்கு முன் சொன்னதே இல்லை.

தலைப்பை இப்படி எழுதியிருக்கிறேன்: "மன்னார் வளைகுடாவில் கடலடிக் கேபிள் பாதுகாப்பு: அரசு, நிறுவனம், விசைப்படகு மீனவர் இடையே தகவல் எப்படிப் போகிறது? (2006 முதல்)". நெறியாளர் நோட்டை அரை மணி நேரம் புரட்டினார். "சீனா எங்கே?" என்று கேட்டார். அறுப்பது யார் என்பதை விட, கீழே என்ன இருக்கிறது என்பதை மேலே இருப்பவருக்குச் சொல்லாமலிருப்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன் என்றேன். தலையாட்டினார். "தகவல்" என்ற சொல்லை மட்டும் இன்னும் துல்லியமாக்கச் சொன்னார்.

குமரி ஆசிரியை:

தம்பி, அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்ல தலைப்பு. "தகவல்" என்பதற்குப் பதில் "எச்சரிக்கை" என்று போட்டுப் பாருங்கள்: யார் யாரை எச்சரிக்க வேண்டியவர், எந்த மொழியில், எந்த வரைபடத்தில். இடம் தெரிந்தால்தான் கப்பல் ஒதுங்கிப் போகும், அதனால்தான் கடல் வரைபடத்தில் கேபிளைக் குறிக்கிறார்கள். இடம் தெரிந்தால் அறுக்க நினைப்பவனுக்கும் வசதி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் ஆய்வு நிற்கிறது, அதை முன்வரைவின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு கண்டிப்பு. நோட்டில் இருக்கும் எண்களை ஆய்வேட்டில் அச்சிடாதீர்கள், இணையத்தில் எங்கும் போடாதீர்கள். அரசு ரகசியச் சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது ஒரு மனிதர் தொழிலில் இருபது வருடம் சேர்த்த சொத்து. வேறு படகுக்காரர்களிடம் பேசும்போதும் பெயர், படகு எண் இரண்டையும் மறைத்தே எழுதுங்கள். ஒப்புதலைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி வாங்குங்கள்.

கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகெல்லாம் கரையில் நிற்கும், டிரைவர்கள் வலை பின்னிக்கொண்டும் எஞ்சின் பார்த்துக்கொண்டும் துறைமுகத்திலேயே இருப்பார்கள். நேர்காணலை அப்போது வைத்துக்கொள்ளுங்கள், கேள்விப் பட்டியலை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். முன்வரைவின் வரைவு தயாரானதும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.